வீட்டு ரவுட்டரும் தேர்வுரிமையும்

வீட்டுக்குள் வந்து சேரும் ஓர் அகலக்கற்றை இணைப்பைக் கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி எனப் பல கருவிகளுக்கும் பங்கிட்டுத் தரும் பெட்டிக்கு ரவுட்டர் என்ற ஒரே பெயர் நிலைத்துவிட்டாலும், அந்தப் பெட்டிக்குள் தனித்தனி வரலாறு கொண்ட மூன்று நான்கு கருவிகள் அடங்கியிருக்கின்றன. தொலைபேசிக் கம்பியிலோ கேபிளிலோ ஒளியிழையிலோ வரும் சைகையைக் கணினிக்குரிய வடிவத்துக்கு மாற்றுவது மோடம். வெளி வலைப்பின்னலுக்கும் வீட்டு வலைப்பின்னலுக்கும் இடையே தரவுப் பொதிகளை வழியறிந்து அனுப்புவது ரவுட்டர் என்ற பெயருக்கு உண்மையில் உரிய பகுதி. கம்பிவழி இணையும் கருவிகளை ஒன்றோடொன்று பிணைப்பது சுவிட்ச். கம்பியின்றி இணைவனவற்றை வானலை வழியே உள்ளே சேர்ப்பது அணுகுபுள்ளி. இவற்றுள் எதுவும் வீட்டை மனத்தில் கொண்டு செய்யப்பட்டதன்று. தீவுகளில் சிதறிக் கிடந்த பல்கலைக்கழக வளாகங்களுக்காகவும், பெரிய கடைகளின் பணப்பெட்டிகளுக்காகவும், இணைய முகவரித் தட்டுப்பாட்டைச் சில ஆண்டுகள் ஒத்திப்போடுவதற்காகவும் வகுக்கப்பட்ட உபாயங்கள் 1999ஆம் ஆண்டை ஒட்டி ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. அந்தப் பெட்டியைக் குடும்பம் தானே பார்த்து வாங்கும் வழக்கம் அதன் பிறகு தோன்றி, இந்தியாவைப் பொறுத்தவரை ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் செழித்து, ஒளியிழை இணைப்புகள் பரவியதும் தளரத் தொடங்கியது. பெரும்பாலும் வேகத்தின் கதையாகவே எழுதப்படும் இவ்வரலாறு, வீட்டு வாசலில் நிற்கும் கருவி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கின் வரலாறாகவும் படிக்கத்தக்கது.

அந்த வழக்கு இணையத்துக்கு முந்தியது. அமெரிக்காவில் ஏ.டி.&டி. நிறுவனம் தன் தொலைபேசிக் கம்பியில் தான் தந்த கருவியைத் தவிர வேறெதையும் இணைக்கக் கூடாது என்று நெடுங்காலம் தடுத்துவந்தது. தாமஸ் கார்ட்டர் என்பவர் செய்து விற்ற, வானொலிப் பேச்சைத் தொலைபேசியோடு இணைக்கும் கார்ட்டர்போன் என்ற கருவி தொடர்பான வழக்கில், வலைப்பின்னலுக்குக் கேடு செய்யாத எந்தக் கருவியையும் வாடிக்கையாளர் இணைத்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டின் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் 1968இல் தீர்ப்பளித்தது. பின்னாளில் மோடம்களும் அவற்றைத் தொடர்ந்து ரவுட்டர்களும் கடைப்பொருளானதற்கு இத்தீர்ப்பு இட்ட வழியே காரணம் என்று கொள்வது மிகையாகாது.

கம்பியில்லாப் பகிர்வின் தொடக்கத்தை, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் 1971இல் இயங்கத் தொடங்கிய அலோஹாநெட்டில் காண்பது மரபு. ஒரே அலைவரிசையைப் பலரும் முறை வகுத்துக்கொள்ளாமலே பயன்படுத்தலாம், இருவர் அனுப்பியவை மோதிக் கெட்டால் சிறிது பொறுத்து மறுபடி அனுப்பலாம் என்பதே அதன் அடிப்படை விதி. இவ்விதியின்படி அலைவரிசையின் கொள்ளளவில் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்கொள்ள இயலாது என்று கணக்கிடப்பட்டபோதும், அதன் எளிமை ராபர்ட் மெட்கால்ஃபைக் கவர்ந்து, 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஈதர்நெட் என்ற கம்பிவழி முறை உருவாகத் தூண்டியது. அனுப்புமுன் அலைவரிசை ஓய்ந்திருக்கிறதா என்று கேட்டறியும் கட்டுப்பாடு பின்னர் சேர்ந்ததே தவிர, அடிப்படை மாறவில்லை. இன்றைய அடுக்ககம் ஒன்றில் பத்து வீட்டு ரவுட்டர்கள் ஒரே சேனலில் ஒன்றுக்கொன்று காத்திருந்து தயங்குவது அந்த விதியின் நேரடி வாரிசுரிமை.

இரண்டாவது அடித்தளம் சட்டத்தால் அமைந்தது. வானலையைப் பயன்படுத்த உரிமம் வேண்டும் என்பதே உலகெங்கும் நிலவிய விதியாக இருக்க, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டு, மைக்ரோவேவ் அடுப்புகளின் கசிவால் மற்றவர்க்குப் பயன்படாது என்று கைவிடப்பட்டிருந்த மூன்று அலைப்பட்டைகளில், குறிப்பிட்ட திறனுக்கு உட்பட்டு, உரிமமின்றித் தகவல் அனுப்பலாம் என்று அமெரிக்க ஆணையம் 1985 மே மாதத்தில் அறிவித்தது. சைகையை ஒரே அலைவெண்ணில் குவிக்காமல் அகலமாகப் பரப்பி அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. இத்தகைய பரவல் முறைகளுள் ஒன்றான அலைவெண் தாவலுக்கு நடிகை ஹெடி லமார் 1942இல் காப்புரிமை பெற்றிருந்ததால், வைஃபையே அவருடைய கண்டுபிடிப்பு என்று சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. ஆனால் வீடுகளில் நிலைபெற்ற முறை தாவலைக் கைவிட்டு வேறு வழியில் சென்றது என்பதால், அக்கதையைச் சுவைக்காகப் படிக்கலாமே தவிர வம்சாவளியாகக் கொள்வதற்கில்லை.

இந்தப் புதிய சுதந்திரத்தை முதலில் ஊன்றிக் கவனித்தவர்களுள் பணப்பெட்டி செய்யும் என்.சி.ஆர். நிறுவனத்தார் முக்கியமானவர்கள். கடையின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் பணப்பெட்டிகளுக்குப் புதிதாகக் கம்பி இழுப்பது செலவு பிடித்த வேலையாதலால், நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரை அடுத்த அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் வேவ்லான் என்ற கம்பியில்லா அட்டையை உருவாக்கினர். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்துக்கொண்டால் சந்தை வளராது என்பதை உணர்ந்த அவர்கள், பொதுத் தரம் வகுக்க முனைந்தனர். அவர்களுள் ஒருவரான விக் ஹேய்ஸ், 1990இல் கூடத் தொடங்கிய 802.11 குழுவின் தலைவராகப் பத்தாண்டுகள் இருந்தார். முதல் தரம் 1997இல் வெளிவந்தபோது அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. 1999இல் 11 மெகாபிட் தரும் ‘பி’ பிரிவும் 54 மெகாபிட் தரும் ‘ஏ’ பிரிவும் ஒப்புதல் பெற்றன. சுவர்களிலும் தளவாடங்களிலும் பட்டு எதிரொலிக்கும் சைகைகள் ஒன்றையொன்று குழப்பும் சிக்கலுக்கு, ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வகத்தில் வானொலி வானியலாளர் ஜான் ஓசல்லிவன் குழுவினர் கண்ட தீர்வு ‘ஏ’ பிரிவிலும் பின்வந்தவற்றிலும் இடம்பெற்றது. அதற்கான காப்புரிமை வழக்குகளால் அந்நிறுவனம் 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் ஈட்டியது.

வானலை ஒருபுறம் இருக்க, ஓர் இணைப்பைப் பலர் பகிர்வதற்கான உண்மையான திறவுகோல் முகவரியில் இருந்தது. இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் எண் வேண்டும் என்பது தொடக்ககால வடிவமைப்பு. 32 பிட் நீளமுள்ள அவ்வெண்களில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி சேர்க்கைகளே உண்டு என்பதால், 1990களின் தொடக்கத்திலேயே அவை தீர்ந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. கெல் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் ஆகிய இருவர் 1994இல் முன்வைத்த முகவரி மாற்ற முறை, உள்ளே பல கருவிகளுக்குத் தனிப்பட்ட எண்களைக் கொடுத்துவிட்டு வெளியே மிகச் சில எண்களை மட்டும் காட்டுவது. ஒரே வெளி எண்ணை வைத்துக்கொண்டு அலுவலகத் தொலைபேசியின் எக்ஸ்டென்ஷன்கள் இயங்குவதோடு இதை ஒப்பிடலாம். வெளியே செல்லும் ஒவ்வொரு பொதியின் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதி, எந்தப் பதில் எந்தக் கருவிக்கு உரியது என்பதைத் துறை எண்களின் துணையால் அட்டவணையிட்டு வைத்துக்கொள்வதே ரவுட்டரின் பணி. உள்முகவரிகளுக்கென 192.168 என்று தொடங்கும் வரிசை உள்ளிட்ட மூன்று தொகுதிகள் 1996இல் முறைப்படி ஒதுக்கப்பட்டன. நிரந்தரத் தீர்வு வரும்வரைக்கான தற்காலிக ஏற்பாடு என்றே அதை வகுத்தவர்கள் எழுதினார்கள் என்பதும், இணையத்தின் கட்டமைப்பைக் கெடுக்கும் ஒட்டுவேலை என்று தூய்மைவாதிகள் அதைப் பழித்தார்கள் என்பதும் இன்று மறந்துபோன செய்திகள்.

தனிப் பெட்டி வருவதற்கு முன்பு இப்பணியை ஒரு கணினியே செய்தது. வின்கேட், சைகேட் போன்ற மென்பொருள்களை நிறுவிய கணினி ஒன்று மோடத்தின் வழி இணைய, மற்றவை அதன் மூலமாக வெளியே சென்றன. 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு இவ்வசதியை இயங்குதளத்திலேயே சேர்த்துத் தந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட பிறகு தமிழக ஊர்களில் பரவிய பிரவுசிங் சென்டர்கள் இந்த முறையால்தான் தொழில் நடத்தின. உரிமையாளரின் மேசையில் இருந்த கணினி நின்றுபோனால் மற்ற எல்லாத் திரைகளும் சேர்ந்து நிற்கும் என்பது இம்முறையின் குறை. இந்தியாவில் இணையப் பகிர்வு வீட்டுக்கு வருமுன் ஒரு சிறுதொழிலாக இருந்தது என்பதைப் பொதுவான வரலாறுகள் போதிய அளவு சொல்வதில்லை.

சேவை நிறுவனங்கள் பகிர்வை விரும்பவில்லை. அமெரிக்கக் கேபிள் நிறுவனங்கள் பல, ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரியும் தனிக் கட்டணமும் என்ற கொள்கையில் நின்றன. இந்தியாவின் கேபிள் இணைய நிறுவனங்களும் வாடிக்கையாளர் கணினியின் ஈதர்நெட் அட்டைக்குத் தொழிற்சாலையில் இடப்படும் பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணைப் பதிந்துகொண்டு, வேறு எண்ணுடன் வரும் கருவியை ஏற்க மறுத்தன. ரவுட்டர் தயாரிப்பாளர்கள் இதற்குக் கண்ட மாற்று, பதிவான கணினியின் எண்ணையே ரவுட்டரும் தன் எண்ணாகக் காட்டிக்கொள்ளும் வசதி. இன்றும் மலிவான ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘மேக் குளோன்’ என்ற பெயரில் காணப்படும் அந்தப் பொத்தான், பெரும்பாலோர்க்குப் பொருள் விளங்காமல் நிற்கும் ஒரு பழைய போரின் தழும்பு.

வானலை அட்டையும் முகவரி மாற்றமும் வீட்டுப் பொருளாக ஒன்றிணைந்த தருணமாக 1999 ஜூலையைக் குறிப்பிடுவது பொருந்தும். நியூயார்க்கில் நடந்த மேக்வேர்ல்டு கண்காட்சியில் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்திய ஏர்போர்ட் நிலையத்துக்கு 299 டாலரும் மடிக்கணினியில் செருகும் அட்டைக்கு 99 டாலரும் விலை. உள்ளிருந்த வானலைப் பகுதி, என்.சி.ஆரின் நெதர்லாந்துக் குழு கைமாறிக் கைமாறிப் போய்ச் சேர்ந்திருந்த லூசென்ட் நிறுவனத்துடையது. அதே பெட்டியில் 56 கிலோபிட் தொலைபேசி மோடமும் இருந்தது என்பது, அகலக்கற்றை அன்று எவ்வளவு அரிதாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. அக்காலத்தில் ஹோம்ஆர்.எஃப். என்ற போட்டி முறை, பெயரிலேயே வீட்டை வைத்துக்கொண்டு, இன்டெல் உள்ளிட்ட பெருநிறுவனங்களின் ஆதரவுடன் வலம் வந்தது. தாவல் முறையை நம்பிய அதன் வேகம் முதலில் 1.6 மெகாபிட்டாகவே இருக்க, அலுவலகத்துக்கென்று கருதப்பட்ட வைஃபை விலை குறைந்து வீட்டுக்குள் நுழைந்ததால், 2003 தொடக்கத்தில் அக்கூட்டமைப்பு கலைக்கப்பட்டது. அலுவலகத்தில் ஒன்றும் வீட்டில் வேறொன்றுமாக இரண்டு அட்டைகள் வைத்துக்கொள்ள மடிக்கணினிக்காரர்கள் இசையாததே இதன் எளிய காரணம்.

வீட்டு ரவுட்டரின் வரலாற்றில் மிகுதியாகப் பேசப்படும் பெட்டி நீலமும் கறுப்புமான டபிள்யூ.ஆர்.டி.54ஜி. கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் விக்டர் சாவோ, ஜேனி சாவோ இணையர் 1988இல் தொடங்கிய லிங்க்சிஸ் நிறுவனம் இதை 2002 இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில மாதங்களில் சிஸ்கோ நிறுவனம் ஏறத்தாழ 50 கோடி டாலருக்கு லிங்க்சிஸை வாங்கியது. வாங்கிய சூட்டோடு ஒரு சிக்கலும் வந்து சேர்ந்தது. பெட்டியினுள் ஓடும் மென்பொருள் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது என்பதையும், லினக்ஸின் பொது உரிமத்தின்படி அதைத் திருத்தி வெளியிடுபவர் மூலநிரலையும் வெளியிடக் கடமைப்பட்டவர் என்பதையும் ஆர்வலர்கள் 2003இல் கண்டறிந்து வற்புறுத்த, நிறுவனம் மூலநிரலை வெளியிட நேர்ந்தது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. முளைத்தது, டிடி-டபிள்யூ.ஆர்.டி. போன்றவை தொடர்ந்தன. இவற்றை ஏற்றினால், சாதாரண வீட்டுப் பெட்டியில் அலுவலகக் கருவிகளுக்கே உரிய வசதிகள் கிடைத்தன. ஒவ்வொரு கணினிக்கும் வேக ஒதுக்கீடு, வீட்டின் மறுகோடியில் உள்ள இன்னொரு ரவுட்டரோடு கம்பியின்றிப் பிணைப்பு, அலைத்திறன் மாற்றம் ஆகியவை அவற்றுள் சில.

நிறுவனத்தின் மறுமொழி சந்தை எவ்வாறு சிந்திக்கிறது என்பதற்கு நல்ல சான்று. 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸ் நீக்கப்பட்டு, நினைவகம் 16 மெகாபைட்டிலிருந்து 8ஆகவும், மென்பொருள் தங்கும் ஃபிளாஷ் 4 மெகாபைட்டிலிருந்து 2ஆகவும் குறைக்கப்பட்டன. வெளித்தோற்றமோ பெயரோ மாறாததால், வாங்குபவர் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் பதிப்பெண்ணைத் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. பழைய உள்ளமைப்போடு, பெயரில் லினக்ஸைக் குறிக்கும் ‘எல்’ எழுத்தைச் சேர்த்து, தனி மாதிரியொன்றும் விற்கப்பட்டது. ஒரே பெயருக்குள் வெவ்வேறு வன்பொருளை வைத்து விற்கும் பழக்கம் அதன்பின் இத்தொழில் முழுவதிலும் பரவியது. ரவுட்டர் தேர்வைப் பற்றிக் கொடுக்கப்படும் அறிவுரைகள் ஓராண்டுக்குள் செல்லாக்காசாவதற்கு இப்பழக்கமே பெரிய காரணம்.

இந்தியாவில் இக்கதை தாமதமாகவும் வேறு வரிசையிலும் நடந்தது. வானலைக் கருவி எதை வைத்திருக்கவும் உரிமம் வேண்டும் என்ற 1933ஆம் ஆண்டுச் சட்டம், வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டிய தலைமுறைக்கு நன்கு தெரிந்த ஒன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்ற விதிகள் 2005 ஜனவரியில் அறிவிக்கப்பட்டன. அதே மாதத்தில் பி.எஸ்.என்.எல். தன் டேட்டாஒன் அகலக்கற்றைச் சேவையையும் தொடங்கியது. நொடிக்கு 256 கிலோபிட் இருந்தால் அகலக்கற்றை என்று 2004 அக்டோபரில் அரசு வெளியிட்ட கொள்கை வரையறுத்திருந்தது. செப்புத் தொலைபேசிக் கம்பியில் பேச்சுக்குப் பயன்படாத உயர் அலைவெண்களில் தரவை ஏற்றும் ஏ.டி.எஸ்.எல். முறையில் இச்சேவை வந்ததால், பேச்சையும் தரவையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர் என்ற சிறு டப்பியும் மோடமும் வீடுகளுக்குப் புதிய உறவினராயின.

அமெரிக்க வழிகாட்டிகளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போன இந்திய வாடிக்கையாளரைக் குழப்பியது இந்த மோடமே. கேபிள் நிறுவனமோ தெருவுக்குத் தெரு ஈதர்நெட் கம்பி இழுத்த உள்ளூர் நிறுவனமோ தரும் இணைப்புக்கு, அகன்ற செருகி கொண்ட சாதாரண ரவுட்டர் போதும். தொலைபேசிக் கம்பியில் வரும் இணைப்புக்கோ, தொலைபேசிச் செருகி கொண்ட, மோடமும் உள்ளடங்கிய ஏ.டி.எஸ்.எல். ரவுட்டர் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பக்கத்துப் பக்கத்து அட்டைப்பெட்டிகளாக விற்கப்பட்ட இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்ததால், தவறானதை வாங்கிச் சென்று மாற்றக் கொண்டுவருவது அன்றாட நிகழ்ச்சியாக இருந்தது. இதற்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பி.எஸ்.என்.எல். வாடகைக்கோ விலைக்கோ தந்த ஒற்றைச் செருகி மோடத்தைப் பாலம் முறையில் வைத்தால் அது சைகையை மாற்றித் தருவதோடு நிற்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைப்பைத் தொடங்கும் வேலை கணினியுடையது, ஆகவே ஒரு கணினிக்கு மேல் இணைய முடியாது. அந்த வேலையை மோடத்துக்கே மாற்றிவிட்டாலோ, மோடத்தின் பின்னால் ஒரு சாதாரண ரவுட்டரை வைத்து அதற்குக் கொடுத்தாலோ வீடு முழுவதும் இணைப்பு கிடைக்கும். 192.168.1.1 என்று உலாவியில் அடித்து உள்ளே போய், தொலைபேசி நிலையத்துடன் பேசுவதற்கான 0, 35 என்ற இரு எண்களைக் குறித்த இடத்தில் இடுவது, அந்தப் பத்தாண்டில் தமிழகத்தின் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கே செய்துகொடுத்த சேவை.

வேகம் அன்று தேர்வை நிர்ணயிக்கவில்லை என்பது இங்கே கவனிக்க வேண்டியது. 256 கிலோபிட் இணைப்புக்கு 54 மெகாபிட் ரவுட்டர் இருநூறு மடங்கு மிகை. மாறாக, ஒன்பது அங்குலச் செங்கற்சுவரும் கான்கிரீட் தளமும் சைகையை எவ்வளவு விழுங்கும் என்பதே கேள்வியாக இருந்தது. மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமான அமெரிக்க வீடுகளை வைத்து அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எல்லைத் தொலைவுகள் இங்கே பாதிக்கும் தேறவில்லை. 2012ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் இன்னொரு முரண்பாடும் தெரிந்தது. தொலைபேசி நிலையத்தின் மின்கலத்தில் இயங்கும் சாதாரண தொலைபேசி மின்சாரம் போனாலும் பேசிக்கொண்டிருக்க, அதே கம்பியில் தொங்கிய மோடம் அணைந்துபோகும். 9 வோல்ட் அல்லது 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெட்டியா என்பதும், அதற்கேற்ற சிறு மின்கலத் தொகுதி கிடைக்குமா என்பதும் வேறெந்த நாட்டு வழிகாட்டியிலும் காணப்படாத அளவுகோல்களாயின.

பாதுகாப்பைப் பற்றிய அறிவு பட்டுத்தான் வந்தது. 1997ஆம் ஆண்டுத் தரத்தோடு வந்த வெப் என்ற குறியாக்கம், அதன் இரகசியத்தைச் சில மணி நேரம் ஒட்டுக்கேட்டே கண்டறியலாம் என்பதை ஸ்காட் ஃப்ளூரர், இட்சிக் மான்ட்டின், ஆடி ஷமீர் ஆகியோர் 2001இல் காட்டிய ஆய்வுக்குப் பிறகு மதிப்பிழந்தது, 2003இல் டபிள்யூ.பி.ஏ.வும் 2004இல் அதன் இரண்டாம் பதிப்பும் அதன் இடத்தைப் பிடித்தன. ஆனால் பல வீடுகளில் எந்தக் குறியாக்கமும் இன்றித் திறந்தே கிடந்தது வைஃபை. இத்தனை மெகாபைட் என்று வரம்பிட்டு விற்கப்பட்ட திட்டங்களில் அண்டை வீட்டார் ஒட்டிக்கொள்வது நேரடிப் பண இழப்பாகவே இருந்தும், பலர் விழித்துக்கொண்டது 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டப்படாத வைஃபை வழியே சென்றது என்று தெரிந்த பிறகுதான். பூட்டும் வேலையை எளிதாக்க வந்த எட்டிலக்க எண் முறையும் 2011இல் சந்தி சிரித்தது. பத்துக் கோடி சேர்க்கைகள் உள்ளதாகத் தோன்றும் அவ்வெண்ணை ரவுட்டர் இரு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம் என்பதாலும், 11,000 முயற்சிகளில் அது அகப்பட்டுவிடும் என்று கண்டறியப்பட்டது. முகவரி மாற்றம் மட்டும் யாரும் திட்டமிடாத ஒரு காவலைத் தந்தது. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு, மோடத்தோடு நேரடியாக இணைந்த கணினிகளைத் தேடிப் பிடித்தபோது, ரவுட்டருக்குப் பின்னால் இருந்தவை பெரும்பாலும் தப்பின. கேளாமல் வரும் பொதியை யாருக்குக் கொடுப்பது என்று அட்டவணையில் இல்லாததால் பெட்டி அதை எறிந்துவிட்டது.

இணைப்பின் வேகம் கூடக் கூட விற்பனையின் மொழி எண்களுக்கு மாறியது. ஏசி1200 என்று பெயரிட்ட பெட்டி 1200 மெகாபிட் தரும் என்று வாங்குபவர் எண்ணுவது இயல்பு. உண்மையில் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்ற இரு உச்ச அளவுகளைக் கூட்டி முழுமைப்படுத்திய எண். ஒரு கருவி ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றையே பயன்படுத்தும், அந்த உச்சமும் ஆய்வகத்துக்கு வெளியே எட்டாது. இதைவிட நுட்பமான பொறி, அவ்வகைப் பெட்டிகள் பலவற்றின் கம்பிச் செருகிகள் 100 மெகாபிட்டோடு நின்றது. பழைய திட்டங்களுக்கு அது போதுமாக இருந்தது. 150, 200 மெகாபிட் ஒளியிழைத் திட்டங்கள் வந்தபோது, வானலையில் எவ்வளவு வேகம் எழுதியிருந்தாலும் வாசலிலேயே 100 என்று அறுந்தது.

ஒளியிழையோடு தேர்வுரிமையின் நிலைமையும் மாறியது. வீட்டில் இழை முடியும் இடத்தில் வைக்கப்படும் ஓ.என்.டி. என்ற கருவி, ஒளியை மின்சைகையாக மாற்றுவதோடு ரவுட்டர், சுவிட்ச், அணுகுபுள்ளி, தொலைபேசி இணைப்பு ஆகிய எல்லாவற்றையும் தானே செய்கிறது. ஒரே இழை பிரிந்து பல வீடுகளுக்குச் செல்வதால், எந்தப் பெட்டி எந்த வீட்டுடையது என்பதை நிறுவனம் அதன் வரிசை எண்ணைக் கொண்டு சரிபார்த்தே அனுமதிக்கிறது. கேபிள் காலத்து அடையாள எண் பூட்டு இவ்வகையில் திரும்பி வந்தது, ஆனால் இம்முறை அதற்கான காரணம் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. 2004இல் வகுக்கப்பட்ட டி.ஆர்-069 என்ற நெறிமுறை, நிறுவனம் தன் அலுவலகத்திலிருந்தபடியே வீட்டுப் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்கவும் அமைப்புகளை மாற்றவும் வழி தருகிறது. இதில் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. 2017 ஜூலையில் தீநிரல் ஒன்று பி.எஸ்.என்.எல். மோடம்களைத் தாக்கியபோது சிக்கியவை, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவை. தொலைவிலிருந்து பராமரிக்கப்படும் பெட்டிக்கு அந்தக் கவலை குறைவு.

ஜெர்மனி எதிர்த்திசையில் நடந்தது. இணைப்பு வீட்டுச் சுவரில் உள்ள செருகியோடு முடிகிறது, அதற்கு அப்பால் உள்ள கருவி வாடிக்கையாளரின் விருப்பம் என்று வரையறுத்த சட்டம் அங்கே 2016 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல் முதலியவற்றை நிறுவனம் கேட்காமலே தரவேண்டும். இந்தியாவில் தன் ரவுட்டரையே பயன்படுத்த விரும்பும் ஒருவர், ஓ.என்.டி.யைப் பாலம் முறைக்கு மாற்றித் தரும்படி தொழில்நுட்பப் பணியாளரைக் கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது. கிடைக்காதபோது, முகவரி இருமுறை மாற்றப்படும் சிக்கலோடு ஒன்றன்பின் ஒன்றாக இரு ரவுட்டர்களை வைக்கிறார், அல்லது வாங்கிய ரவுட்டரின் வழிமாற்றும் வேலையை அணைத்துவிட்டு அதை அணுகுபுள்ளியாக மட்டும் வைத்துக்கொள்கிறார்.

இதற்கிடையே முகவரிப் பஞ்சம் தீர்ந்தபாடில்லை. உலக இருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டுவிட, நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் நிறுத்தும் இரண்டாம் அடுக்கு மாற்றத்தைக் கையாண்டன. 1994இல் முன்வைக்கப்பட்டுப் பின்னர் வீட்டு வாசலுக்கு வந்த உபாயம் இப்போது நிறுவனத்தின் கூடத்துக்கும் போயிற்று. அதனால் கடையின் கண்காணிப்புக் கேமராவை வீட்டிலிருந்து நேராகப் பார்க்க முடியாமல் போனவர்கள் நிலையான முகவரிக்குத் தனிக் கட்டணம் கட்டினர். 128 பிட் நீளமுள்ள ஆறாம் பதிப்பு முகவரிகளை இந்தியாவின் பெரிய நிறுவனங்கள் பரவலாக வழங்கத் தொடங்கியிருப்பதால், வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் மீண்டும் உலகப் பொதுமுகவரி கிடைக்கிறது. முகவரி மாற்றம் தற்செயலாகத் தந்துவந்த காவல் அங்கே இல்லை. கேளாமல் வரும் பொதியைத் தடுப்பதா விடுவதா என்பதை ஓ.என்.டி.யின் தடுப்புச் சுவர் அமைப்பே தீர்மானிக்கிறது. அந்த அமைப்புப் பக்கத்தின் முழு அனுமதிக்குரிய கடவுச்சொல் பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் கையில் இருக்கிறது.